தோர்நாதா வழியே ஏழு நாள்: ட்ரூபதூர்களும் அவர்களுக்குப் படியளந்தவர்களும்

நாள் 1: புவாத்தியே

தென் பிரான்சின் பழைய மொழியான ஒக்சிதானில் பாட்டு கட்டிய இடைக்காலப் புலவர்கள்தான் ட்ரூபதூர்கள். அவர்கள் பாட்டைத் தேடிப் பிரான்சின் தெற்கே கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, கோட்டைப் பட்டியல் போடுவது. போய்ப் பார்த்தால் ஒன்று பிற்காலத்தில் இடித்துக் கட்டியதாக இருக்கும், இன்னொன்றில் அரைச் சுவர் நிற்கும். அதைவிட நல்ல வழிகாட்டி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாறு சரணம் பாடி முடிந்ததும் கடைசியில் மூன்று நான்கு வரியில் ஒரு குட்டிச் சரணம் வரும். ஒக்சிதான் மொழியில் அதன் பெயர் 'தோர்நாதா', அதாவது திரும்புதல். கடைசிச் சரணத்தின் பிற்பாதியில் வந்த மெட்டும் இயைபும் அப்படியே திரும்பி வரும். பாட்டு யாருக்குப் போகிறது, யார் கையில் போகிறது, பாடியவருக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தபால் உறை மேல் எழுதும் விலாசம் மாதிரி. இந்த ஏழு நாள் வழி அந்த விலாசங்களைக் கொண்டு போட்டது. கொஞ்சம் முன்பின் இருந்தாலும் காலவரிசையும் சரியாக வரும்: 1100 வாக்கில் தொடங்கி 1324-ல் முடியும்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து புவாத்தியேவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ரயில் நிலையம் பள்ளத்தில், அரண்மனை மேட்டில். பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற நினைக்காதீர்கள்.

பாட்டு கைக்குக் கிடைத்திருக்கும் முதல் ட்ரூபதூர் இந்த ஊர்க்காரர்: அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் கில்யெம், பிறப்பு 1071. அவர் பெயரில் 11 பாட்டுகள் இருக்கின்றன. பாடியவரே படியளப்பவரும் என்பதால் அவருக்கு யாரிடமும் கையேந்தும் அவசியமில்லை. விலாசத்தையும் கேலிதான் செய்கிறார். குதிரை மேல் தூங்கியபடியே, ஒன்றுமே இல்லாததைப் பற்றி ஒரு பாட்டு கட்டியதாகச் சொல்கிறவர், கடைசியில் இது யாரைப் பற்றியது என்று எனக்கே தெரியாது, ஒருவருக்கு அனுப்புகிறேன், அவர் இன்னொருவர் மூலம் அனுப்பட்டும், அங்கிருந்து எனக்கு மாற்றுச்சாவி வரட்டும் என்று முடிக்கிறார். முதல் தலைமுறையிலேயே இந்தக் குறும்பு என்றால், பாட்டை இப்படி விலாசம் போட்டு அனுப்பும் வழக்கம் அதற்கு முன்பே ஊறிப்போயிருக்க வேண்டும்.

அரண்மனையின் பெரிய மண்டபம் சுமார் 50 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம். இதைக் கில்யெம் பார்த்ததில்லை. அவருடைய பேத்தி அலியனோர் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. தெற்குச் சுவரை அடைத்து நிற்கும் மூன்று கணப்புகள் அதற்கும் இருநூறு ஆண்டு பிந்தியவை. பக்கத்து மோபெர்ஜோன் கோபுரத்துக்கு அடி போட்டது கில்யெம். இன்று கண்ணில் படும் வடிவம் 14-ஆம் நூற்றாண்டுடையது. 2019 வரை இந்தக் கட்டடத்தில் நீதிமன்றம் நடந்தது.

நாள் 2: வாந்ததூர்

இனி கார் இல்லாமல் ஆகாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், நேரில் கேட்டால் கையால் கியர் போடும் வண்டியைத்தான் நீட்டுவார்கள். லிமோஜ் வழியாக எக்ளெத்தோன் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலில் வருவதானால் பிரீவில் மாறி, டூல் வழியாக ஊசெல் போகும் சின்ன வண்டியைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில நடைதான். எக்ளெத்தோனில் இறங்கினாலும் இடிபாடு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, முஸ்தியே-வாந்ததூர் ஊராட்சியில் இருக்கிறது.

பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் கோட்டையின் மிச்சம். இங்கே இருந்த இரண்டாம் எப்லெ பிரபுவுக்குப் 'பாடகர்' என்றே பட்டப்பெயர். ஆனால் அவர் பாட்டு என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பெர்னார்த் தெ வெந்ததோர்ன் பாடியவை: சுமார் 45 பாட்டுகள், அவற்றில் 18 அளவுக்கு மெட்டோடு. ட்ரூபதூர்களில் இது பெரிய பாக்கியம். மொத்தம் சுமார் 2,500 பாட்டுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மெட்டு கிடைத்திருக்கிறது.

பெர்னார்த் கோட்டை அடுப்பில் ரொட்டி சுடும் வேலைக்காரனின் மகன் என்று வழிகாட்டிப் பலகைகளும் சுற்றுலாக் கையேடுகளும் சொல்லும். அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'வீதா' என்னும் குட்டி வாழ்க்கைக் குறிப்பிலிருந்து வருகிறது. அந்தக் குறிப்புக்கு மூலமாகத் தெரிவது பெய்ரெ தல்வெர்ஞெ என்ற இன்னொரு புலவரின் வசைப்பாட்டு. சக பாடகர்களை ஆளுக்கொரு சரணம் என்று வரிசையாக நக்கலடிக்கும் பாட்டு அது. பெர்னார்த்தின் அம்மா அடுப்பு மூட்டச் சுள்ளி பொறுக்கினாள் என்ற கிண்டல் அதில் வருகிறது. நூறாண்டு கழித்து அது சரித்திரமாகிவிட்டது. வீதாக்களைப் படிக்கும்போது இந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் நாள் மறுபடி தேவைப்படும்.

வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். ஞாயிறு, திங்களில் சுற்றுவட்டாரக் கடைகள் மூடிக் கிடக்கும், மற்ற நாளிலும் மதியம் 12 முதல் 2 வரை ஷட்டர் இறங்கிவிடும். ரொட்டியும் தண்ணீரும் எக்ளெத்தோனிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

நாள் 3: ஓத்ஃபோர், ரிபெராக்

காலையில் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஓத்ஃபோர். மேட்டின் மேல் நிற்கும் அழகான மாளிகை பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1968-ல் தீப்பிடித்து எரிந்து, திரும்பச் சீர்செய்யப்பட்டது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். இங்கே இருந்த பெர்த்ரான் தெ போர்ன் பிரபுவும்தான், பாடகரும்தான். காதலைவிடச் சண்டையைப் பாடியே பெயர் வாங்கியவர். 1183 ஜூன் 11-ல் மார்தெலில் இங்கிலாந்தின் இளைய அரசர் ஹென்றி இறந்தார். அதைத் தொடர்ந்து அவருடைய தம்பி ரிச்சர்ட், ஆரகோன் அரசர் இரண்டாம் அல்ஃபோன்சோவின் துணையோடு வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஹென்றியின் தந்தையான இரண்டாம் ஹென்றி அதைப் பெர்த்ரானுக்கே திருப்பிக் கொடுத்தார்.

இவருடைய தோர்நாதாக்கள் பாடமாக வைக்கத் தக்கவை. கொண்டுபோகும் ஆள், பெறும் ஆள் இருவரையும் பெயர் சொல்லியே அழைப்பார். தூக்கிப் போகிறவன் பாப்பியோல், அவருடைய 'ஜோக்லார்', அதாவது பாணன். பெறுகிறவர் 'ஒக்-எ-நோ', 'ஆமாம்-இல்லை' என்று பொருள். அது ரிச்சர்டுக்கு இவர் வைத்த பெயர். இப்படிப் பெறுகிறவரின் பெயரை மறைத்து வைக்கும் புனைபெயருக்குச் 'செஞால்' என்பார்கள். வசந்தத்தையும் போரையும் ஒன்றாகப் புகழும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று பெர்த்ரான் பெயரில் வழங்குகிறது (அவருடையதுதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்). அது இப்படி முடிகிறது: பாப்பியோல், சீக்கிரம் ஆமாம்-இல்லையிடம் போய், இவர்கள் ரொம்ப நாளாகச் சமாதானமாக இருக்கிறார்கள் என்று சொல்.

மெட்டு விஷயத்தில் பெர்த்ரான் கடன்காரர், அதில் தப்பு ஒன்றும் இல்லை. 'சிர்வெந்தெஸ்' என்ற அரசியல்-வசைப் பாட்டு, ஏற்கெனவே ஊர் பாடும் காதல் பாட்டின் மெட்டிலேயே போடப்படும். காது பழகிய மெட்டு, ஆகவே செய்தி சீக்கிரம் பரவும். ஆனால் மெட்டை எடுத்தால் அசைக் கணக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு அசை கூடினாலும் சுரம் இடறும். இயைபையும் பெரும்பாலும் அப்படியே எடுப்பார்கள். ஒரு பாட்டில் பெர்த்ரானே, இது அலமாண்டா மெட்டில் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அது ஜிரோத் தெ போர்னெல்யின் பாட்டு. ஜிரோத் பக்கத்து எக்ஸிதோய் ஊர்க்காரர். அவருடைய பாட்டின் மெட்டு கையெழுத்துப் படியில் இருப்பதால், பெர்த்ரானின் பாட்டையும் இன்று பாட முடிகிறது. மெட்டு தொலைந்த பல பாட்டுகளுக்கு உயிர் வந்தது இந்த வழியில்தான். ஜிரோத்தின் தொழில்முறையை அவர் வீதா ஒரு வரியில் சொல்கிறது: குளிர்காலத்தில் பள்ளியில் பாடம் நடத்துவார், கோடையில் இரண்டு பாடகர்களைக் கூட்டிக்கொண்டு அரண்மனை அரண்மனையாகப் போவார்.

மாலைக்குள் பெரிகோ தாண்டி மேற்கே ரிபெராக். வெள்ளிக்கிழமையாக அமைத்துக்கொண்டால் பெரிய சந்தையும் கிடைக்கும். பழைய கோட்டை இல்லை. ஆர்னோத் தானியெல் பிறந்த ஊர் என்பதற்குப் பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லாததால், ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்த எந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதே உத்தமம்.

அதன் பெயர் செஸ்தினா. ஆறு சரணம், சரணத்துக்கு ஆறு அடி, கடைசியில் மூன்றடித் தோர்நாதா. சரணத்துக்குள் இயைபே கிடையாது. அதற்குப் பதில் ஆறு ஈற்றுச்சொற்கள் எல்லாச் சரணத்திலும் இடம் மாறி மாறி வரும். ஆர்னோத் எடுத்த ஆறு: இந்த்ரா (நுழைகிறது), ஒங்க்லா (நகம்), ஆர்மா (ஆன்மா), வெர்கா (கோல்), ஒங்க்லெ (மாமா), காம்ப்ரா (அறை). காதல் பாட்டில் மாமா எதற்கு என்றால், நகத்துக்கும் மாமாவுக்கும் ஓசை ஒட்டுகிறது.

சுழற்சி விதி 6-1-5-2-4-3. முந்தின சரணத்தின் கடைசிச் சொல், முதல் சொல், கடைசிக்கு முந்தினது, இரண்டாவது என்று வெளியிலிருந்து உள்ளே மாறி மாறிப் பொறுக்கி வர வேண்டும். ஆகவே இரண்டாம் சரணம் அறை, நுழைகிறது, மாமா, நகம், கோல், ஆன்மா. ஒரு சரணம் முடிந்த சொல்லே அடுத்த சரணத்தின் முதல் அடியில் வந்து நிற்கும், அந்தாதிக்குப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். எழுதிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள்: விதியை முதல் சரணத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் போடுவது. அப்படிச் செய்தால் இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வரிசை மாறவே மாறாது. ஒவ்வொரு முறையும் உடனே முந்தின சரணத்தின் மேல் போட வேண்டும். சரியாகப் போட்டால் வரிசை இப்படி வரும்: 123456, 615243, 364125, 532614, 451362, 246531. மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள், ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு முறை. ஏழாவது சரணத்துக்காக இன்னொரு முறை சுற்றினால் முதல் வரிசைக்கே திரும்பிவிடும், அதனால்தான் ஆறோடு நிறுத்தம். இன்னொரு நுணுக்கம், ஆர்னோத்தின் முதல் அடி மட்டும் ஏழு அசை, மற்ற ஐந்தும் பத்து (கடைசி மெலிந்த அசையைக் கணக்கில் சேர்ப்பதில்லை). பின்னால் செஸ்தினா எழுதியவர்கள் எல்லா அடியையும் ஒரே நீளமாக்கிவிட்டார்கள். அந்தத் தடுக்கல் போனது நஷ்டம்தான்.

நாள் 4: பூர்லாட்ஸ்

பகல் முழுக்கச் சாலை. ரிபெராக்கிலிருந்து காஸ்த்ர் வரை நாலு மணி நேரமாவது ஆகும். காஸ்த்ருக்குத் துலூஸிலிருந்து ரயில் உண்டு. அங்கிருந்து பத்து கிலோமீட்டர், ஆகூ ஆற்றங்கரையில் பூர்லாட்ஸ்.

சின்ன ஊர், ஆனால் புவாத்தியே மண்டபத்தை விட்டால், இந்த வழியில் உண்மையான காலத்துக் கட்டடம் கண்ணுக்கு நேராக நிற்பது இங்கேதான். இரட்டைச் சாளரங்களோடு 12-ஆம் நூற்றாண்டுக் கல் மாளிகை, அதெலாய்த் மண்டபம் என்று பெயர். அதெலாய்த், ஒக்சிதானில் அஸலாயிஸ், துலூஸ் கோமகன் ஐந்தாம் ராய்மோனின் மகள், பெஸியே-கார்காஸோன் பிரபு இரண்டாம் ரொஜெர் திரெங்கவெலின் மனைவி. ஆர்னோத் தெ மரோய்ல் இவரைப் பாடினார். எழுத்தராகப் பிழைப்பைத் தொடங்கிய ஏழை. முதலில் பாட்டுகளைத் தன்னுடையவை என்றே சொல்லிக்கொள்ளாமல் பாடினார் என்கிறது வீதா. ஆரகோன் அரசர் பொறாமைப்பட்டு அவரை விரட்டச் செய்தார் என்றும், பிறகு அவர் மோன்பெலியே பிரபுவிடம் போய்ச் சேர்ந்தார் என்றும் கதை. மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். சாயங்கால வெயில் சாளரங்களின் செதுக்கு வேலையில் விழும்போது போங்கள்.

நாள் 5: மிராவால், லாஸ்தூர்

மஸாமே வழியாகக் கறுப்பு மலையைத் தாண்டித் தெற்கே இறங்கினால் ஓர்பியேல் ஓடை. அதன் மேல்பகுதியில் மிராவால்-கபார்தெஸ். ராய்மோன் தெ மிராவாலுக்கு இந்தக் கோட்டையில் நாலில் ஒரு பங்குதான் சொந்தம், அதிலும் நாற்பது ஆள்கூட இல்லை என்கிறது வீதா. பங்காளிகளுக்குள் பிரிந்து பிரிந்து கரைந்த சொத்து, இந்தப் பக்கத்துக் குட்டிப் பிரபுக்களின் பொதுக்கதை. குதிரை, துணி, ஆயுதம் மூன்றும் துலூஸ் ஆறாம் ராய்மோன் கொடுத்தார். பாட்டுக்கு என்ன கூலி என்று கேட்டால் இந்த மூன்றைத்தான் வீதாக்கள் அடிக்கடி சொல்லும். இருவரும் ஒருவரை ஒருவர் 'ஓதியார்த்' என்ற ஒரே செஞாலால் அழைத்துக்கொண்டார்கள்.

1209-ல், இந்தப் பக்கத்துக் கத்தார் என்ற மாற்றுச் சமயத்தாரை ஒடுக்கப் போப்பின் சிலுவைப் படை இறங்கியது. 1211 வாக்கில் அந்தப் படையின் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் மிராவாலைப் பிடித்தார். சொத்து போன புலவர் அதன் பிறகு போட்ட பாட்டு ஒன்றின் கடைசியைப் பாருங்கள். மேலே முழுக்கக் காதலி, பணிவு, வசந்தம். தோர்நாதாவில் சட்டென்று ஆரகோன் அரசர் இரண்டாம் பெரெ வருகிறார். அவர் மோந்தாகூவையும் கார்காஸோனையும் மீட்டால் மேன்மைக்கே பேரரசர் ஆவார். எனக்கு மிராவாலும், என் ஓதியார்த்துக்குப் போகேரும் திரும்ப வரும் என்று அரசர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அப்புறம் பெண்களும் காதலர்களும் இழந்த மகிழ்ச்சிக்குத் திரும்பலாம். காதல் பாட்டின் வாலில் ஒரு நில மீட்பு மனு. பொழிப்புரைகளில் தோர்நாதாவை விட்டுவிட்டு மொழிபெயர்க்கிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அரசர் வந்தார். என்ன ஆயிற்று என்பது ஏழாம் நாளுக்கு.

ஓடையோடு கீழே வந்தால் லாஸ்தூர். ஒரே பாறை முதுகில் நான்கு கோட்டைகள்: கபாரெ, ரெஜின், சூர்தெஸ்பீன், கெர்த்தினியோ. முதுகின் நீளம் சுமார் 400 மீட்டர், அகலம் 50. நுழைவு ஊருக்குள் பழைய துணி ஆலையில். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் வையுங்கள். நிழல் குறைவு, கோடையில் காலை திறந்ததும் ஏறிவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும், ஓடை நீரில் வாய் வைக்க வேண்டாம். மேலே சால்சீன் தங்கச் சுரங்கம் 2004-ல் மூடப்பட்டாலும், அது விட்டுப்போன ஆர்செனிக் இந்தப் பள்ளத்தாக்கின் தீராத பிரச்சினை. எதிர்க் குன்றில் ஒரு பார்வைத் தளம் உண்டு. புகைப்படத்துக்கு அதுதான் இடம்.

மேலே நிற்பவை சிலுவைப் போருக்குப் பிறகு அரச படை திரும்பக் கட்டியவை. போருக்கு முன் இங்கே பிரபுவாக இருந்த பெய்ரெ ரொஜெர் தெ கபாரெயின் காலம் வேண்டுமென்றால் சரிவில் அகழ்ந்தெடுத்த பழைய ஊரின் அடித்தளங்களைப் பாருங்கள். கண்ணைக் கவராது, ஆனால் பாட்டு கேட்ட வீடுகள் அவை.

கபாரெ என்றதும் எல்லோரும் சொல்லும் கதை பெய்ரெ விதால் என்ற ட்ரூபதூருடையது. 'லோபா' (பெண் ஓநாய்) என்று பெயர் பெற்ற சீமாட்டிக்காக ஓநாய்த் தோல் போர்த்தி மலையில் திரிந்து, மேய்ப்பர்களின் நாய்களிடம் கடிபட்டாராம். இது ராஸோ, அதாவது பாட்டுக்கு முன் சொல்லும் கதை. என்னை ஓநாய் என்று அழைத்தாலும், மேய்ப்பர்கள் கூவித் துரத்தினாலும் அவமானமாக நினைக்க மாட்டேன் என்று விதால் பாடியிருக்கிறார். அந்த வரியிலிருந்து இந்தக் கதை முளைத்தது. வாந்ததூர் சுள்ளி ஞாபகம் இருக்கும்.

நாள் 6: நார்போன்

கார்காஸோனிலிருந்து கிழக்கே 60 கிலோமீட்டர். பேராயர் அரண்மனை கம்பீரமாக நிற்கிறது. பிரபுக்களின் அரண்மனை இல்லை. சதுக்கத்தில் ரோமானியச் சாலையின் ஒரு துண்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இங்கே 12-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆண்டவர் எர்மெங்கார்தா என்ற பெண் பிரபு. பெய்ரெ ரொஜியெர் என்ற ட்ரூபதூர் அவருக்கு வைத்த செஞால் 'தோர்த்-ந-அவெத்ஸ்', 'தப்பு உங்கள் மேல்' என்று பொருள். புரவலரையே இப்படி அழைக்க முடிந்த சபை அது.

நூறு ஆண்டு கழித்து இதே ஊரில் கிரோத் ரிக்யெர். 48 மெட்டுகளோடு கிடைத்தவர், தன் பாட்டுகளுக்கு ஆண்டு குறித்து வைத்தவர். நார்போனில் ஆதரவு வற்றியதும் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவிடம் போனார். 1274-ல் அவருக்கு ஒரு மனு போட்டார். குரங்காட்டியையும் கழைக்கூத்தாடியையும் கவிஞனையும் ஒரே 'ஜோக்லார்' என்ற சொல்லால் அழைக்கிறார்களே, தரம் பிரித்துக் கொடுங்கள் என்று. 1275 தேதியிட்ட பதில், அதுவும் பாட்டாக, வந்தது: தெருவில் வித்தை காட்டுகிறவன் புஃபோன், அவைக்கு வந்து பிறர் பாட்டை வாசித்துப் பாடுகிறவன் ஜோக்லார், இயற்றுகிறவர் ட்ரோபதோர், அவர்களிலும் தேர்ந்தவர் பாட்டின் தொக்தோர் (ஆசான்). பதிலையும் ரிக்யெரே எழுதியிருப்பார் என்றுதான் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். வேலை இருக்கும்போது யாரும் பதவிப் பெயருக்கு மனு போடுவதில்லை. 1292 தேதியிட்ட பாட்டில், நான் ரொம்பப் பிந்தி வந்துவிட்டேன் என்கிறார்.

நாள் 7: முரே, துலூஸ்

காரை ஒப்படைத்துவிட்டுத் துலூஸிலிருந்து உள்ளூர் ரயிலில் முரே, இருபது நிமிடம்தான். 1213 செப்டம்பர் 12-ல் இங்கே நடந்த சண்டையில் மோன்ஃபோரின் படை பெரெ அரசரைக் கொன்றது. மிராவாலின் தோர்நாதா கேட்டது எதுவும் நடக்கவில்லை.

துலூஸ் கோமகன்களின் நார்போனெ கோட்டையும் இல்லை. அந்த இடத்தில் இன்று நீதிமன்றம், புவாத்தியேவில் 2019 வரை இருந்த மாதிரியே.

மெட்டு பார்க்க ஆசை என்றால் இந்தப் பகுதியில் உருவான 'ஆர்' என்ற கையெழுத்துப் பாட்டுத் தொகுப்பு (எண் 22543) பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கலிக்கா தளத்தில் இலவசமாகப் புரட்டலாம். சுமார் 160 மெட்டுகள். பல பாட்டுகளுக்குச் சுரம் எழுதக் கோடு போட்டதோடு நின்றுவிட்டது. எழுதியவற்றிலும் சுரத்தின் உயரம் உண்டு, கால அளவு கிடையாது. ஒரே பாட்டு இரண்டு இசைத்தட்டில் இரண்டு தாளத்தில் ஒலிப்பது அதனால்தான்.

1323-ல் இந்த நகரத்தில் ஏழு பேர் கூடி, ஒக்சிதான் நாடெங்கும் செய்யுளிலேயே ஓர் அழைப்பு அனுப்பினார்கள்: மே மாதம் வந்து பாடுங்கள், சிறந்த பாட்டுக்குப் பொன்னால் செய்த வயலெட் பூ. 1324 மே 3-ல் காஸ்தெல்நோதாரி ஊர் ஆர்னோத் விதால் அதை வாங்கினார். நடுவர்கள் எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு விதி நூல் ஒன்றும் பிறகு எழுதப்பட்டது, கில்யெம் மொலினியே தொகுத்தது. அந்தச் சபையின் வாரிசான அகாதெமி இன்றும் தஸெஸா மாளிகையில் இயங்குகிறது. மே 3-ல் தோராத் தேவாலயத்தில் பூக்களை ஆசீர்வதித்துக் கொண்டுவரும் சடங்கும் உண்டு. மற்ற நாளில் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிருங்கள், மாளிகையில் உள்ள ஓவியக் கூடம் அன்று விடுமுறை.

முதல் பரிசு வாங்கிய பாட்டு கன்னி மரியாவுக்கு. அதற்குப் பின் பொன் பூவுக்கான காசு, நகர மன்றத்தின் கஜானாவிலிருந்து.